நான் வரைந்த இடுகாடு

மூன்று சீனர்களின் கல்லறைகளைக் காட்டி நான் அச்சில் ஏற்றிய வரைபடம் பொய். மேசையில் உட்கார்ந்து, அடிக்கோல் வைத்து, நானே இட்டுக்கட்டி வரைந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. செய்வது தவறு என்று நன்றாகத் தெரியும்.

இப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்று, அல்லிநகரத்தில் மூத்த மகன் வீட்டு மாடியில் இருக்கிறேன். அகழாய்வில் முறையாகப் பயிற்சி பெற்றவன். அதனால்தான் இந்தக் குற்றத்தை அறியாமையின் கணக்கில் எழுத முடியவில்லை.

கம்பத்திலிருந்து மேற்கே மலையேறி எல்லையைத் தாண்டினால் ஒரு தோட்டம் வரும். இன்று அங்கே ஏலக்காய். வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலத்தில் தேயிலை. தேயிலையை அடைத்து அனுப்பும் பெட்டிகளைச் செய்வதற்காகச் சில சீனத் தச்சர்களைக் கப்பலில் வரவழைத்திருந்தார்கள். தனி ஆண்களாக வந்தவர்கள். தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் கடைசி வரிசையில் குடியிருந்தார்கள். இறந்தவர்களைத் தோட்டத்தின் மேற்கு ஓரச் சரிவில் புதைத்தார்கள்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டில் புதைப்பது அவர்களுக்குத் தற்காலிக ஏற்பாடுதான். ஏழெட்டு வருடம் கழித்துக் குழியைத் தோண்டி, எலும்புகளை எடுத்துச் சாராயத்தால் துடைத்து, வெயிலில் உலர்த்தி, ஒரு சாடியில் அடைத்துச் சொந்த ஊருக்கு அனுப்புவார்கள். பெற்றவர்களின் கல்லறைக்குப் பக்கத்தில் மறுபடியும் புதைத்த பிறகுதான் அந்த மனிதனின் பயணம் முடிந்ததாக அர்த்தம். அதுவரை யாருடைய எலும்பு என்பது மாறிவிடக் கூடாதே என்று, முதலில் புதைக்கும்போதே தலைமாட்டில் ஒரு செங்கல்லை வைப்பார்கள். அதில் பெயரும் ஊரும் கீறப்பட்டிருக்கும்.

நம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏலத்தோட்டத்தில் வேலைக்குப் போன இடத்தில் ஒருவர் இறந்தால், மழையோ மண்சரிவோ, ஜீப்பில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்துதான் அடக்கம் செய்வோம். என் சித்தப்பாவை அப்படித்தான் கொண்டுவந்தார்கள். நான் பிறந்த கிறிஸ்தவ ஊரின் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு இடம் இருக்கிறது. எனவே அந்தச் செங்கல் எதற்காக வைக்கப்பட்டது என்று தெரிந்தேதான் அதில் கை வைத்தேன்.

தோட்ட மேலாளரிடம் வாய்வார்த்தையாக அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். கூட ஒரே ஒரு ஆள், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த தொழிலாளி. சரிவில் வரிசையாகப் பள்ளங்கள் இருந்தன. எலும்பை எடுத்துக்கொண்டு போன வெற்றுக் குழிகள் அவை. ஓரமாக மூன்று மட்டும் மூடியே கிடந்தன. சீனாவில் ஆட்சி மாறிய பிறகு எலும்பு எடுக்க ஆள் வருவது நின்றுபோனது என்றும், இவர்கள் கடைசியாக இறந்தவர்கள் என்றும் அந்தத் தொழிலாளி சொன்னார்.

"இதுல ஒருத்தரோட பொஞ்சாதி நம்ம பக்கத்து ஆளுதான் சார். புருசன் செத்ததும் சின்னப் பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கீழ எறங்கிட்டாக. அந்தப் பிள்ளை இப்பப் பெரிய மனுசி. கூடலூர்ப் பக்கம் கட்டிக்குடுத்திருக்காக. அவுக காதுல ஒரு வார்த்தை போட்டுட்டு எடுப்பமா?"

"எடுத்துட்டுச் சொல்லிக்கலாம்."

"எடுத்துட்டுச் சொல்றது களவாணி வழக்கமுல்ல சார்!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

முதல் குழியின் தலைமாட்டை ஓர் அடி தோண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கால் முழுக்க அட்டை. ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நான் லயத்துப் பக்கம் போய்விட்டேன். மழை விட்டுத் திரும்பி வந்தால், மூன்று செங்கற்களும் ஒரு சாக்கின்மேல் கிடந்தன. எனக்கு வேலை மிச்சமாகட்டும் என்று அவரே எடுத்து, சேறு போக ஓடைத் தண்ணீரில் கழுவியும் வைத்திருந்தார்.

"எது எந்தக் குழியில இருந்துச்சு?"

"இது நடுவுல உள்ளதுன்னு நெனைக்கிறேன். இல்லையே, இதுவோ? மூணும் ஒரே மாதிரி இருக்கு சார். கல்லுதானே?"

எடுப்பதற்கு முன் எழுது, எழுதுவதற்கு முன் எடுக்காதே. இதை ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான். அந்த மனிதரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. விட்டுவிட்டுப் போனவன் நான்தான்.

செங்கற்களின் படங்களை வெளிநாட்டில் இருந்த ஓர் அறிஞருக்கு அனுப்பினேன். மூன்று பெயர்களையும் மூன்று ஊர்களையும் படித்து எழுதினார். மூன்று ஊர்களும் ஒரே ஆற்றின் கரையில் மேலிருந்து கீழாக அடுத்தடுத்து இருப்பவை என்றும் குறிப்பிட்டிருந்தார். அந்தக் கடிதத்தைப் படித்தபோதுதான் எனக்குப் புத்தி கெட்டது. சொந்த ஊர்கள் ஆற்றங்கரையில் இருக்கும் அதே வரிசையில் இவர்கள் அயல் மண்ணிலும் புதைக்கப்பட்டிருந்தால்? எவ்வளவு அழகான முடிவு! எது எந்தக் குழி என்று தெரியவில்லை என ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த வரி கட்டுரையைக் கொன்றுவிடும். நான் வரைபடத்தை வரைந்தேன். மேல் ஊர்க்காரருக்கு வடக்குக் குழி, கீழ் ஊர்க்காரருக்குத் தெற்குக் குழி, நடு ஊர்க்காரருக்கு நடுக்குழி. அளவுகள்கூடப் போட்டேன்.

கட்டுரை பேசப்பட்டது. எனக்குப் பதவி உயர்வு வந்தது. செங்கற்கள் கல்லூரிக் காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் போயின. கூடலூர்ப் பக்கம் இருந்த அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லி அனுப்பவே இல்லை.

நான்கு வருடங்களுக்கு முன், தை மாதத்தில் ஒரு நாள், அந்த அம்மாவே என் வீட்டுக்கு வந்தார். எழுபதைத் தாண்டிய வயது. கூட அவருடைய மகன். பன்னீர்த் திராட்சை ஒரு கூடை நிறையக் கொண்டுவந்திருந்தார்கள். அந்த அம்மாவின் கண்ணையும் கன்னத்தையும் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நான் பார்ப்பதை அவரும் கவனித்துவிட்டார்.

"எல்லாரும் இப்பிடித்தான் சார் பாக்குறாக. கம்பம் பஸ் ஸ்டாண்டுல ஒரு பய, வடக்க இருந்து வந்தவன்னு நெனச்சு, எங்கிட்ட இந்தியில பேசுறான். 'ஏலே, கூலி வேலைக்கு நீ வந்தியா நான் வந்தனாடா'ன்னு கேட்டேன். அந்தாக்குல ஓடிட்டான்."

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். அவருக்கு நான்கு வயதாக இருந்தபோது அப்பா இறந்துவிட்டார். எலும்பை ஊருக்கு அனுப்பிவிடு என்பதுதான் அவர் மனைவியிடம் கடைசியாகக் கேட்டது. மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாருக்கு எழுதுவது என்றும் தெரியாது.

"சாகுற வரைக்கும் அம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக்கிட்டு இருந்தாக. 'பேரு எழுதுன கல்லு தலைமாட்டுல இருக்கு. படிக்கத் தெரிஞ்ச மனுசன் ஒருத்தன் வந்தாப் போதும், கண்டுபிடிச்சிருவான்'னு."

மகன், தாத்தா வைத்திருந்த ஒரு பழைய கடிதத்தைப் படமெடுத்து யார் யாருக்கோ அனுப்பி, ஒரு வருடமாக அலைந்து, அந்த நடு ஊரிலேயே தாத்தாவுடைய தம்பியின் பேரனைக் கண்டுபிடித்திருந்தார். அங்கே பெற்றவர்களின் கல்லறைக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாகவே விடப்பட்டிருக்கிறதாம். ஈஸ்டர் முடிந்ததும் அந்தப் பேரன் கொச்சிக்கு வருகிறார். அதற்குள் எலும்பை எடுத்துச் சாடியில் அடைத்து வைக்க வேண்டும். தோட்டத்தில் அனுமதி வாங்கியாகிவிட்டது.

மகன் தன் போனில் என் கட்டுரையைத் திறந்து, அந்த வரைபடத்தை விரலால் விரித்துக் காட்டினார்.

"நீங்க கோடு போட்டு வச்சதால தப்பிச்சோம் சார்," என்றார் அந்த அம்மா. "இல்லாட்டி மூணு பேரையும் தோண்டி அலங்கோலம் பண்ணியிருப்போம். நடுவுல இருக்கது எங்கப்பான்னு பொஸ்தகமே சொல்லுது. நீங்களும் கூட வந்து கையக் காட்டணும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. என் மருமகள் திராட்சையைக் கழுவித் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். நான் ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, வருகிறேன் என்று தலையாட்டினேன்.

மாசியில் போனோம். ஏலச்செடிகளுக்கு நடுவே அந்த மூன்றில் இரண்டுதான் தெரிந்தன. தெற்குக் குழியின்மேல் தோட்டத்துப் பாதை போயிருந்தது. நடுக்குழியைக் காட்டினேன். இரண்டு ஆட்கள் தோண்டினார்கள். மகன் துடைப்பதற்கு பிராந்தி வாங்கி வந்திருந்தார்.

"ஆத்தா, உங்கப்பாவுக்குத் தடவுனது போக மிச்சம் எங்களுக்குத்தானே?" என்றார் தோண்டியவர்களில் ஒருவர்.

"வேலைய முடி. அவருக்கே பத்தலேன்னா உனக்கு ஓடத்தண்ணிதான்," என்றார் அந்த அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவைப் பார்க்கப் போகும் சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. "எனக்கு எழுவத்தி மூணு. அவரு நாப்பத்தஞ்சுல போயிட்டாக. இப்ப நான்தான் அவருக்கு மூத்தவ."

எலும்புகள் வந்தன. பழுப்பு நிறத்தில், ஈரத்தில் ஊறி, ஓரங்கள் உதிர்ந்து. மண்டை ஓட்டின் துண்டுகள், கைகளின் நீள எலும்புகள், இரண்டு தொடை எலும்புகள். ஒவ்வொன்றையும் அந்த அம்மா மடியில் விரித்த வெள்ளைத் துணியில் வாங்கி, பிராந்தியில் நனைத்த பஞ்சால் துடைத்தார். தொடை எலும்பைக் கையில் எடுத்தபோது நிறுத்தினார்.

"அப்பாவுக்கு ஒரு கால் ஒடைஞ்சு கோணலாக் கூடியிருந்துச்சாம் சார். தொடையில மரம் விழுந்து. மேட்டுல ஏறுறப்ப ஒரு பக்கமாச் சாஞ்சு சாஞ்சுதான் நடப்பாகன்னு அம்மா சொல்லும். இதுல எந்தக் காலு?"

இரண்டு எலும்புகளும் நேராக இருந்தன. ஒரே நீளம். உடைந்து கூடிய தொடை எலும்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முடிச்சு விழுந்திருக்கும், குட்டையாகியிருக்கும். எத்தனை வருடம் மண்ணில் கிடந்தாலும் அது மறையாது. அவர் கையில் இருந்தவை ஒருநாளும் உடையாத கால்கள்.

"மண் அரித்துவிட்டது. இப்போது சொல்ல முடியாது," என்றேன்.

வரைபடத்தை வரைந்தபோது யாருடைய முகமும் எனக்கு முன்னால் இல்லை. இதை நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் எது என்று கேட்டால், இந்த இரண்டாவது பொய்யைத்தான் சொல்வேன்.

அவர் சற்று நேரம் எலும்பைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, வலி போயிருச்சுல்ல," என்று சொல்லிச் சாடிக்குள் வைத்தார்.

தவக்காலம் முழுவதும் நான் கோயிலுக்குப் போனேன். பாவசங்கீர்த்தனமும் செய்தேன். குருவானவர் அபராதமாகச் செபம் எதுவும் கொடுக்கவில்லை. அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார். குருத்து ஞாயிறுக்கு மறுநாள் பஸ் ஏறினேன்.

வீட்டு முற்றத்தில் திராட்சைக் கொத்துகளில் அழுகல் பழங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். கூடத்தில், சுவரோரம், சாடி இருந்தது. வாய்க்கு வெள்ளைத் துணி கட்டி, பக்கத்தில் ஒரு டம்ளர் டீ வைத்திருந்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மழை, சாக்கு, ஆறு, அடிக்கோல், தொடை எலும்பு.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அப்ப அங்கன இருக்கது யாரு?"

"தெரியாது. மற்ற இருவரில் ஒருவர். உங்கள் அப்பா இல்லை. அது மட்டும் நிச்சயம்."

"ஒரு மாசத்துக்கு மேல அவருகிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன் சார். காலையில டீ வைக்கிறேன். அம்மா எப்பிடிச் செத்தாக, எனக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு, எல்லாத்தையும் சொல்லிட்டேன்." சாடிப் பக்கம் திரும்பினார். "பாவம், யாரு பெத்த பிள்ளையோ. அதுவும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு."

மகன் திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்து விவரம் தெரிந்ததும் என் சட்டையைப் பிடிக்கத்தான் வந்தார். பிடித்திருக்கலாம். "என்ன மனுசன்யா நீ? ஒரு பொய்ய நாப்பது வருசமா அடை காத்திருக்க. கையில எலும்பக் குடுத்துக் கேட்டாகளே, அப்பவாச்சும் சொன்னியா?" அந்த அம்மா அவரைத் தடுக்கவும் இல்லை, எனக்காகப் பேசவும் இல்லை.

அதன் பிறகு என்னால் முடிந்ததைச் செய்தேன். தோட்டத்தில் நானே போய் நின்று வடக்குக் குழியைத் திறக்க அனுமதி கேட்டு வாங்கினேன். இந்த முறை ஓர் அங்குலம் தோண்டுவதற்கு முன் எழுதினேன். சரிவிலிருந்து ஊற்று இறங்கும் இடம் அது, எலும்பைக் கரைக்கும் புளித்த மண். எலும்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை. மண்ணில் ஆள் நீளத்துக்கு ஒரு கறுப்பு நிழலும் நான்கு சட்டைப் பொத்தான்களும் இருந்தன. தெற்குக் குழியின்மேல் பாதை போடும்போது ஜேசிபி ஆறடிக்குக் கீழே இறங்கியதாகச் சொன்னார்கள். அந்த மண் பள்ளத்தில் எங்கோ கொட்டப்பட்டது. அந்த அம்மாவின் அப்பா வடக்கில் இருந்தால் கரைந்துவிட்டார். தெற்கில் இருந்தால் வாரிக் கொட்டப்பட்டார். இதற்கு மேல் எந்த அறிவியலும் எதையும் சொல்லாது.

செங்கல் குழியிலேயே இருந்திருந்தால், பாதைக்குத் தோண்டும்போது யாராவது அந்த எழுத்தைப் பார்த்து நிறுத்தியிருக்கக்கூடும். தேடி வந்த மகனுக்கு என் தாள் தேவைப்பட்டே இருக்காது.

கல்லூரிக்குப் பலமுறை நடந்து, மூன்று செங்கற்களையும் எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்கினேன். ஆய்விதழுக்கு என் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதினேன். பல மாதம் கழித்துக் கடைசிப் பக்கத்தில் நான்கு வரி போட்டார்கள். வரைபடம் இன்னும் இணையத்தில் அப்படியேதான் இருக்கிறது. போன வருடம்கூட ஒரு மாணவர் அதை மேற்கோள் காட்டியிருப்பதைப் பார்த்தேன்.

கொச்சியிலிருந்து அந்தப் பேரன் வந்த அன்று என்னையும் வரச் சொன்னார் அந்த அம்மா. "நீங்களே உங்க வாயால சொல்லுங்க. எனக்குச் சொல்ல நாக்கு வராது." அவர் முப்பது வயதுப் பள்ளி ஆசிரியர். எலும்பை வாங்கிப் போக ஒரு சிவப்புத் துணியும் மரப்பெட்டியும் கொண்டுவந்திருந்தார். நான் ஆங்கிலத்தில் சொல்ல, அவருடைய போன் அதைச் சீனத்தில் சொன்னது. இரண்டு முறை கேட்டார். பிறகு போனில் எதையோ தட்டி மேசைமேல் வைத்தார். போன் ஆங்கிலத்தில் சொன்னதை மகன் தமிழில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "படிக்கத் தெரிந்த மனிதர் ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்கிறார்."

பதில் சொல்ல முயன்றேன். பெயர் வாங்கும் ஆசை என்றேன். போன் அதை எப்படி மொழிபெயர்த்ததோ தெரியவில்லை. அவர் சிவப்புத் துணியை மடித்து வைத்தார்.

அந்த அம்மா தன் அப்பாவின் செங்கல்லையும், வடக்குக் குழியிலும் தெற்குக் குழி இருந்த இடத்திலும் எடுத்த மண்ணையும் கொடுத்து அனுப்பினார். அங்கே பெற்றவர்களின் பக்கத்தில் அந்தக் கல்லைப் புதைத்தார்கள். வீடியோ வந்தது. ஒருமுறை பார்த்துவிட்டு, "கல்லுல எங்கப்பா இல்ல," என்று சொல்லிப் போனை மகனிடம் கொடுத்துவிட்டாராம். இதை மகன்தான் பின்னொரு நாள் எனக்குச் சொன்னார்.

சாடியை அவர் வைத்துக்கொள்ளவில்லை. "எடுத்தது நீங்க. நீங்களே வச்சுக்கங்க," என்றார். மறுபடி அதே குழியில் புதைக்கலாம் என்று தோட்டத்தில் கேட்டேன். அதற்குள் தோட்டம் கைமாறியிருந்தது; புதிய நிர்வாகம் மறுத்துவிட்டது. தங்கள் நிலத்தில் இடுகாடு இருப்பதாகவே காகிதத்தில் வரக் கூடாது என்றார்கள். மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் அந்தப் பேரன் மூலமாகக் கடிதம் எழுதினேன். ஓர் ஊர் இப்போது இல்லை. மக்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். இன்னோர் ஊரிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. அவர் தங்கள் ஆள்தான் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் ஏற்றுக்கொள்வார்களாம். என்னால் சொல்ல முடியாது. இன்னொரு பொய் சொன்னால் இவர் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று சில நாள் யோசித்தேன். சொல்லவில்லை.

சாடி என் அறையில் இருக்கிறது. மருமகள் மாடிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பேரப்பிள்ளைகளையும் விடுவதில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சென்ற கல்லறைத் திருநாளன்று, மதியத்துக்குப் பிறகு, அந்த அம்மா போன் செய்தார். மூன்றரை வருடத்தில் முதல் முறை. நலம் விசாரிக்கவில்லை.

"அவரு இருக்காரா?"

"இருக்கிறார்."

"இன்னைக்கு ஊரெல்லாம் கல்லறையில மெழுகுதிரி கொளுத்துறாக. அவருக்கு ஒண்ணு கொளுத்துனீகளா?"

"காலையிலேயே ஏற்றினேன்."

"என்ன பேரச் சொல்லிக் கொளுத்துனீக?"

"இரண்டு பேருடைய பெயரையும் சொன்னேன்."

அந்தப் பக்கம் யாரோ கோயில் மணி அடிப்பது கேட்டது.

"ரெண்டுல ஒண்ணு பொய்யாச்சே சார்," என்று சொல்லி வைத்துவிட்டார்.